கணித மேதை இராமானுசர்

கல்வி கற்பதற்கு அறிவு வேண்டும், ஊக்கம் வேண்டும், இவற்றோடு ஓரளவு பொருளும் வேண்டும். அறிவும் ஊக்கமும் நிறைந்திருந்தும் பொருளின்மையால் கல்லூரி வாயிலிலிருந்து திரும்பியவர் பலர். அவ்வாறு திரும்பிப் பல ஆண்டுகள் அலைந்து, மணம் புரிந்து, அலுவலும் ஏற்ற பின்னர், மீண்டும் கல்வி நிலையத்துள் புகுந்து உலகப் புகழ் எய்தியவர் சீனிவாச இராமானுசர். அவர் கணிதத்தில் கண்ட உண்மைகள் எல்லார்க்கும் எளிதில் விளங்குவன அல்ல. அவர் கற்பதற்குப் பொருள் பெற்ற வரலாறோ, எல்லாரும் அறிந்து பயன்கொள்ளத் தக்கது.

இராமானுசர் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். அவருடைய மாத ஊதியம் இருபது ரூபாய் அளவினதே. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடியும், மாணாக்கர் சிலரைத் தம் இல்லத்தில் உணவளித்துத் தங்கச் செய்தும் குடும்பத்துக்குத் துணைபுரிந்தார். 1897ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளித் தேர்வில் இராமானுசர் தஞ்சை மாவட்டத்தில் முதன்மை பெற்றார். அதனால் நகர உயர்நிலைப் பள்ளியில் பாதிக் கட்டணமே செலுத்திப் படிக்கும் சலுகை கிடைத்தது.

1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. உதவிச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். ஆயின், அவர் உள்ளம் கணிதம் ஒன்றிலேயே தோய்ந்திருந்தது. ஆங்கிலத்தில் தேறாமையால் உதவிச் சம்பளம் நின்றது. கல்லூரிப் பருவக் கட்டணமோ 32 ரூபாய். அது தந்தையாரின் ஒன்றரை மாத ஊதியம். அதனை எங்ஙனம் கட்டுவது? மனமுடைந்த இளைஞர் 1905இல் எவர்க்கும் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்று மீண்டார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் நோயுற்றமையாலும், பிற பாடங்களில் கருத்தூன்றாமையாலும், இருமுறை தேர்வு எழுதியும் தேறவில்லை. பட்டம் பெறும் வழி அடைபட்டது.

1909இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. குடும்பப் பொறுப்பு வந்துற்றது, வருவாயோ இல்லை. காகிதம் வாங்குதற்கும் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில், அக்குறிப்பேட்டைக் கையிற்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார். கும்பகோணத்தில் தொடர்வண்டி ஏறி விழுப்புரத்தில் இறங்கினார். மயிலம், கூட்டேரிப்பட்டுப் பக்கமாகத் திண்டிவனம் சென்று சென்னையை அடையும் பாதை ஒன்று; மேற்கே திருக்கோவலூர் வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் கிளைப்பாதை மற்றொன்று. இரண்டும் கூடும் இடம் விழுப்புரம். அன்று இராமானுசர் கிளைப்பாதையில் சென்றார். அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருக்கோவலூரில், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவிய இராமசாமி ஐயர் துணைக் கலெக்டராகப் பணியாற்றினார். தம் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை தந்தால் போதும் என்பதே இராமானுசர் அவரிடம் வேண்டியது.

இராமசாமி ஐயர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார், வியந்தார். கேட்ட வேலையைக் கொடுத்து அனுப்புதல் அவர்க்கு எளிது. ஆயினும், இத்தகைய அறிவைக் கடைநிலை எழுத்தர் வேலையில் புதைத்தல் தகாது எனக் கருதி, வேலை தர மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். பண்டு புலவரைப் போற்றிய மலையமான் திருமுடிக்காரியின் ஊராகிய திருக்கோவலூர், இவ்வாறு மீண்டும் ஓர் அறிஞரைப் போற்றியது. வேலை நாடி மேற்கே சென்றவர், கல்வி நாடிச் சென்னை செல்லலானார்.

அக்கடிதங்களின் வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் உதவி கிடைத்தது. அவர் இராமானுசர் சென்னையிலிருந்து ஆராய்ச்சி செய்யுமாறு மாதந்தோறும் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து அளித்தார். ஏறத்தாழ ஓராண்டு அதனைப் பெற்ற இராமானுசர், பிறர்க்கு நெடுநாள் சுமையாயிருத்தல் தகாது என எண்ணி, அவ்வுதவியை நிறுத்திக்கொண்டார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். பகலில் கணக்கு வேலை. எஞ்சிய பொழுதெல்லாம் கணித ஆராய்ச்சி. 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்டிக்குத் தம் முடிவுகளைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். அவர் வியந்து விடை விடுத்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் அவர்க்கு ஆராய்ச்சி உதவிச் சம்பளம் அளிக்க எண்ணியபோது ஓர் இடையூறு தோன்றியது. முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே அச்சம்பளம் உரியது என்பது விதி. இராமானுசரோ கல்லூரியின் முதற்படியையே கடவாதவர். விதியைக் காட்டி மறுத்தல் எளிதாயிருந்தது. எனினும் ஆராய்ச்சியை வளர்த்தலும் பல்கலைக்கழகச் சட்டம் கூறும் நோக்கங்களுள் ஒன்று என எடுத்துக்காட்டப்பட்டது. அவையோர் இசைந்தனர். 1913 மே முதல் ஈராண்டுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. அது துறைமுகச் சம்பளத்தின் இரண்டரை மடங்கு. இருபத்தைந்தாம் வயதில், பட்டம் இல்லாத எழுத்தர் மீண்டும் மாணவரானார்.

அதன்பின் வழி விரைவில் திறந்தது. 1914இல் அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் டிரினிடிக் கல்லூரியில் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுனும், டிரினிடிக் கல்லூரி 60 பவுனும் உதவின. அப்பொருளில் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்துக்குச் சென்றது. 1916இல் தம் ஆராய்ச்சிக்காகவே பட்டம் பெற்றார். 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகவும், டிரினிடிக் கல்லூரியின் முதல் இந்திய உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனால் குளிரும் உணவுக்குறையும் அவர் உடலை வருத்தின. நோயுற்றிருந்த அவர்க்கு, ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டு அளிக்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. 1919 சனவரி 11ஆம் நாள், இலண்டனில் ஒரு மருத்துவ விடுதியிலிருந்து அவர் பல்கலைக்கழகத்துக்கு மறுமொழி எழுதினார். இந்தியா திரும்பிய பின் அத்தொகை தம் தேவைக்கு மிகும் என்றும், பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் தந்து, தம் செலவும் போக எஞ்சுவதைக் கல்விக்கே பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் தெரிவித்தார். சிறப்பாக, ஏழைச் சிறுவர்க்கும் தாய்தந்தையற்றவர்க்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைத்தலும், பள்ளிகட்கு நூல் வழங்கலும் அவர் விருப்பமாயிருந்தன.

பாதிக் கட்டணத்தால் படித்த சிறுவனையும், 32 ரூபாய்க்கு வழியின்றி வெளியேறிய இளைஞனையும் அவர் மறந்தாரல்லர்.

அவ்விருப்பம் நிறைவேறக் காண அவர் நெடுநாள் வாழவில்லை. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்பிரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் இயற்கை எய்தினார்.

கற்பவர்க்கு உதவும் பொருள் சிறிதாயினும் அதன் பயன் பெரிது. வேலை தர மறுத்து வழிகாட்டியவரும், கைப்பொருள் ஈந்தவரும், விதியின் நோக்கத்தை உணர்ந்து நடந்தவரும் இல்லையேல், உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும். பெற்ற உதவியைத் தம்மோடு நிறுத்தாமல், பின்வரும் எளியோர்க்கும் ஆக்க எண்ணினார் இராமானுசர். கணிதத்தால் மட்டுமன்றி இப்பண்பாலும் அவர் பெரியவர்.