இருமுறை வழி தேர்ந்த வீரர்: பிரிகேடியர் முகம்மது உஸ்மான்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு மலைச்சாலையில் ஏறத் தொடங்கிவிடும். அத்தொழிலாளரின் பிள்ளைகளும் ஏலக்காய் வணிகரின் பிள்ளைகளும் மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் நம்மிடம் வந்து கேட்கும் வினாக்களுள் ஒன்று, முப்படைகளுள் எதில் சேரலாம் என்பது. நம் சமுதாயப் பெற்றோர் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்கும் வினா வேறு. நம் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே உரிய இடம் கிடைக்குமா என்பது அது. இவ்விரு வினாக்களுக்கும் விடையாக அமைந்தது பிரிகேடியர் முகம்மது உஸ்மானின் வாழ்வு.

முதல் தேர்வு

உஸ்மான் 1912ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், அன்றைய ஐக்கிய மாகாணத்தின் ஆசம்கர் மாவட்டத்திலிருந்த பீபிபூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் காவல்துறை அதிகாரி. மகனும் அவ்வழியே வரவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் உஸ்மானுக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. அதனால் அவ்வாயில் அடைபட்டது என்பர். பன்னிரண்டு வயதில் கிணற்றில் விழுந்த குழந்தையைக் குதித்து மீட்ட அவருக்கு நாத்தான் தடுமாறியதேயன்றி நெஞ்சம் தடுமாறியதில்லை.

1932ஆம் ஆண்டு இந்திய இளைஞர்க்குப் பல வாயில்கள் திறந்த ஆண்டு. டேராடூனில் இந்திய ராணுவக் கழகம் தொடங்கியதும், இந்திய விமானப்படை தோன்றியதும் அவ்வாண்டிலேயே. உஸ்மான் தரைப்படையைத் தேர்ந்து, கடும் போட்டிக்கிடையே இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இடம்பெற்றார். 1934இல் பயிற்சி முடித்து, மறு ஆண்டு பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் களம் கண்டார்.

இரண்டாம் தேர்வு

எப்படையில் சேர்வது என்ற வினாவினும் கடியதொரு வினா 1947இல் அவர்முன் நின்றது. நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. அவர் பணியாற்றிய பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குச் சென்றது. அங்கு வருமாறும், உயர்பதவி காத்திருப்பதாகவும் தலைவர்கள் அழைத்தனர் என்பர். உஸ்மான் பிறந்த மண்ணிலேயே நின்றார். டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார். பின்னர் 50ஆவது பாராசூட் பிரிகேடின் தலைமையேற்றுக் காஷ்மீர்க் களம் புகுந்தார்.

1947 டிசம்பர் இறுதியில் ஜங்கர் என்னும் ஊர் பகைவர் கைப்பட்டது. அதனை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை எனச் சூளுரைத்த உஸ்மான், கடுங்குளிரிலும் தரையில் பாய் விரித்தே உறங்கினார். 1948 பிப்ரவரி 6ஆம் நாள் நௌஷேராவைச் சூழ்ந்து தாக்கிய பெரும்படையை முறியடித்தார். நௌஷேராச் சிங்கம் எனப் போற்றப்பட்டார். மார்ச் 18இல் ஜங்கர் மீட்கப்பட்டது. அதன்பின்னரே அவருக்குக் கட்டில் வந்தது. மதில் காத்தலை நொச்சி என்றும், கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டலைக் கரந்தை என்றும் நம் இலக்கணம் வகுத்தது. காத்தலும் மீட்டலுமாகிய அவ்விரு வீரமும் ஒருவரிடத்தே அமைந்ததை இங்குக் காண்கிறோம்.

மணம் புரியாத அவர், போரில் ஆதரவிழந்த சிறுவர்களைத் திரட்டிக் கல்வியும் பயிற்சியும் அளித்தார். தம் ஊதியத்தின் பெரும்பகுதியைப் பிறர்க்கே செலவிட்டார். மது அருந்தாதவர், ஊன் உண்ணாதவர்.

1948 ஜூலை 3ஆம் நாள் ஜங்கரில் பீரங்கிக் குண்டு வெடித்து உயிர் நீத்தார். முப்பத்தாறாம் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. அப்போரில் வீழ்ந்த இந்திய அதிகாரிகளுள் பதவியால் மிக உயர்ந்தவர் அவரே. பிரதமர் நேரு உள்ளிட்டோர் பங்கேற்க, தில்லி ஜாமியா மில்லியா வளாகத்தில் அரசு மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டார். மகாவீர் சக்கர விருது அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

மாணவர்க்கு

மேல்நிலைக் கல்வி முடித்தோர் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வை எழுதலாம். தரைப்படைப் பிரிவுக்கு எப்பாடம் பயின்றோரும் தகுதியுடையர். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். 2021 முதல் பெண்களும் இத்தேர்வை எழுதுகின்றனர். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்காண்டே; அதன்பின் நான்கில் ஒரு பங்கினர் வரையே நிலைபெறுவர் என்பதையும் எண்ணிப் பார்த்தே முடிவெடுத்தல் நன்று.

சீருடையின் நிறம் கண்டு படையைத் தேராதீர். உங்கள் பாடமும் உடலும் மனமும் எதற்கு ஏற்றவை என ஆராய்ந்து தேருங்கள். ஒரு வாயில் அடைபட்டால் உஸ்மானை நினையுங்கள். நமக்கு அங்கே இடமுண்டோ என ஐயுறும் பெற்றோர்க்கு நாம் சொல்வது ஒன்றே. அந்த இடத்தை அவர் தம் குருதியால் உறுதி செய்து சென்றுள்ளார். அதில் தகுதியோடு சென்று நிற்பது நம் பிள்ளைகளின் கடன்.