பொறிக்குப் பொறுப்பேற்றவர்

பெட்ரோலில் ஓடும் எந்த மோட்டார் வண்டிக்கும் உயிர் ஒரு சிறு பொறியில்தான் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் தோன்றி, தோன்றிய சுவடு தெரியாமல் மறைந்து போகும் பொறி அது. அதை உண்டாக்கும் ஸ்பார்க் பிளக்கை, வண்டி நடுவழியில் நின்றாலன்றி யாரும் நினைப்பதில்லை. யாரும் நினைக்கத் தேவையில்லாதபடி அதைச் செய்து கொடுப்பதையே தம் தொழிலாகக் கொண்ட ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் ராபர்ட் பாஷ். துளையிடும் கருவிகளிலும் சலவை யந்திரங்களிலும் இன்று நாம் காணும் அந்தப் பெயர், ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

ஜெர்மனியின் தென்பகுதியில், உல்ம் நகரை அடுத்த ஆல்பெக் என்ற சிற்றூரில் 1861-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பன்னிரண்டு மக்களில் பதினோராவது பிள்ளை. தந்தையார் நிலமும் சத்திரமும் உடைய குடியானவர். உல்ம் நகரில் நுண்கருவித் தொழில் பழகிய பாஷ், 1884-ல் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் எடிசனின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு இங்கிலாந்தில் சீமன்ஸ் சகோதரர்களிடம் சிறிது காலம் இருந்தார். 1886 நவம்பர் 15-ல் ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தப் பட்டறை திறந்தார். ஒரு தொழிலாளியும் ஓர் ஏவலாள் பையனுந்தான் உடனிருந்தவர்கள். தொலைபேசி பொருத்துவது, மின்சார மணி போடுவது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். வாடிக்கைக்காரர்களைத் தேடிச் சைக்கிளில் போவார். கடன் வாங்கிக் கடன் அடைத்த காலம் அது.

மறு ஆண்டே ஒரு வாடிக்கைக்காரர், நின்ற இடத்தில் ஓடும் வாயு எஞ்சினுக்கு மாக்னீட்டோ ஒன்று வேண்டுமென்றார். டாய்ட்ஸ் கம்பெனி முன்பே செய்திருந்த கருவி அது. பாஷ் அதைப் பார்த்துத் திருத்திச் செய்து கொடுத்தார். அதாவது, அவர் புகழுக்கு அடிப்படையான பொருளை அவர் கண்டுபிடிக்கவில்லை. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது என்பதே என் கருத்து. எரிவாயுவை மின்பொறியால் பற்றவைக்கலாம் என்பதை 1860-லேயே லெனுவார் காட்டியிருந்தார். பொறி வருமா என்பதல்ல, ஒவ்வொரு முறையும் தவறாமல் வருமா என்பதே அந்நாளையக் கவலை. டெய்ம்லர் வண்டியில் ஒரு குழாயை வெளியிலிருந்து தீயால் காய்ச்சினார்கள். காற்றடித்தால் அது அணையும். பென்ஸ் வண்டியில் பேட்டரி. அது சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். எஞ்சினைப் பற்றவைப்பதுதான் பிரச்சினைகளுள் தலையாய பிரச்சினை என்று பென்ஸே கருதினார். எஞ்சினின் சுழற்சியையே கொண்டு மின்சாரம் எடுக்கும் மாக்னீட்டோவுக்குத் தீயும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

ஆயினும் நிலையான எஞ்சினுக்குச் செய்த கருவி, வேகமாகச் சுழலும் மோட்டார் வண்டிக்கு ஈடுகொடுக்கவில்லை. 1897-ல் பிரெடரிக் சிம்ஸ் என்பவர் தெ தியோன் மூன்று சக்கர வண்டி ஒன்றை அனுப்பி, இதற்குப் பொருத்துங்கள் என்றார். வழி கண்டவர் பட்டறை மேலாளர் அர்னால்ட் ட்ஸேரிங்கர். கனமான ஆர்மெச்சூரை அசைப்பதற்குப் பதில், அதைச் சுற்றி இலேசான உறை ஒன்றை மட்டும் அசையச் செய்தார். கருவி வேகத்துக்கு ஈடுகொடுத்தது. ஆனால் சிலிண்டருக்குள்ளே தொட்டு விலகும் நெம்புகோல்கள் இன்னும் இருந்தன; நெருப்புக்குள் அசையும் உறுப்பு எதுவும் நெடுநாள் தாங்காதன்றோ? அதை ஒழித்தவர் காட்லோப் ஹோனோல்ட். சிறுவனாகப் பாஷின் பட்டறையில் வேலை பழகி, பிறகு உயர்படிப்புப் படித்துத் திரும்பி வந்தவர். ஒரே ஆர்மெச்சூரில் இரண்டு சுருள்களைச் சுற்றி, உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரம் எடுத்து, அசையாத இரு முனைகளுக்கிடையே பொறி பாயச் செய்தார். அதற்கு 1902 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. மாக்னீட்டோவும் ஸ்பார்க் பிளக்கும் சேர்ந்த அந்த அமைப்பு, அவ்வாண்டே டெய்ம்லர் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே சற்றே நின்று பிளக்கைப் பார்ப்போம். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றுவதாகக் கொண்டால், ஒரு பிளக் கிலோமீட்டருக்கு 1,200 தடவை பொறி விடுகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப் வண்டியில் அது 12 கோடித் தடவை! ஒவ்வொரு பொறியும் உலோக முனையைத் துளியினும் துளி தின்கிறது. இடைவெளி அகலுகிறது. அகல அகல, தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். அது கிடைக்காதபோது மின்சாரம் வேறு வழி தேடிப் பீங்கானின் அழுக்கின் மேல் கசிந்து ஓடும். ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போதுதான் எஞ்சின் முதலில் இருமும். இயற்கை வாயுவில் ஓடும் வண்டிகளில் இத்தொல்லை இன்னும் அதிகம், ஏனெனில் வாயுவைப் பற்றவைக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும். பீங்கானின் மூக்கோ, சுமார் 500 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் கரி படியும். 850 டிகிரிக்கு மேலே போனால் பொறிக்கு முன்பே தானே பற்றவைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே அதை நிறுத்தி வைப்பதில்தான் பிளக் செய்பவரின் திறமை இருக்கிறது.

நல்ல மெக்கானிக் பழைய எஞ்சினின் பிளக்கைக் கழற்றியதும் அதை ஜாதகம்போல் படிப்பார். எண்ணெய் ஈரம் தெரிந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிகுதி. பல வேளைகளில் குற்றம் பிளக்கினுடையதன்று. ஆனால் பழி அதன்மேல்தான் விழும்.

அந்தப் பழியைத்தான் பாஷ் தம் மேல் போட்டுக்கொண்டார். தம் பெயர் பொறித்த பண்டத்தை யாரோ ஒருவர் சோதித்துத் தாழ்வாகச் சொல்வதை அவரால் பொறுக்க முடியாது. 1906-ல் எட்டு மணி நேர வேலையை அவர் கொண்டுவந்ததையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். கருணை இல்லாமலில்லை, ஆனால் களைத்த கை நல்ல வேலை செய்யாது என்பதும், இரண்டு முறை ஆட்கள் மாறினால் யந்திரம் சும்மா நிற்காது என்பதும் அவருக்குத் தெரியும். மற்ற முதலாளிகள் அவரைச் சிவப்பு பாஷ் என்றார்கள். அவரிடமே 1913-ல் பெரும் வேலைநிறுத்தம் வந்தது. மனம் கசந்த பாஷ் முதலாளிகள் சங்கத்தில் சேர்ந்தார்.

முதல் உலகப் போர் வெளிநாட்டு வாணிபத்தைச் சாய்த்தது. அமெரிக்கக் கிளை பறிபோயிற்று. போரில் வந்த லாபத்தில் பெரும் பகுதியைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தார். 1921-ல் வாரிசென்று எண்ணியிருந்த மகனை நோய்க்குப் பறிகொடுத்தார். 1927-ல் அவர் கம்பெனி டீசல் எஞ்சினுக்கான பம்பைத் தொடர்ந்து உற்பத்தி செய்யத் தொடங்கியது. டீசலுக்குப் பொறியே வேண்டாமென்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. 1940-ல் ஸ்டுட்கார்ட்டில் ஹோமியோபதி மருத்துவமனை ஒன்று திறக்கச் செய்தார். விஞ்ஞான மாணவனாகிய எனக்கு அந்த மருத்துவத்தில் நம்பிக்கை இல்லை. பாஷுக்கு இறுதிவரை இருந்தது.

அவர் வரலாற்றில் எனக்கு மிகவும் சங்கடமான பகுதி ஹிட்லர் ஆட்சிக் காலம். பாஷ் அந்த ஆட்சியை வெறுத்தவர். எதிர்ப்பியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான கெர்டெலருக்கு 1937-ல் கம்பெனியில் ஆலோசகர் பதவி கொடுத்து நிழல் தந்தார். அவருக்கு வலக்கையாயிருந்த ஹான்ஸ் வால்ட்ஸ், யூதர்களைக் காக்கப் பணமும் உதவியும் அளித்தவர். 1969-ல் இஸ்ரேல் அவருக்குச் சிறப்புச் செய்தது. ஆயினும் அதே தொழிற்சாலைகள்தாம் போர்த் தளவாடங்கள் செய்து வளர்ந்தன. ஆயிரக்கணக்கான அடிமைத் தொழிலாளர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். எட்டு மணி நேரம் என்று முதலில் சொன்ன ஆலையிலா இது என்று கேட்கத் தோன்றுகிறது. கம்பெனியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்று சிலர் சமாதானம் கூறுவர். பண்டத்துக்குப் பொறுப்பேற்றவர், அதைச் செய்த கைகளுக்கும் பொறுப்பல்லவா? எதிர்த்ததையும் உடன்பட்டதையும் நான் ஒரே தட்டில் வைத்துக் கழித்துவிட மாட்டேன், இரண்டும் நடந்தவை. 1942 மார்ச் 12-ல் பாஷ் காலமானபோது, அவர் வெறுத்த அரசே அரசு மரியாதையோடு அவரை அடக்கம் செய்தது.

கம்பெனியின் பங்குகளில் பெரும் பகுதி 1964-ல் அறநிலையத்துக்குச் சேர்ந்தது. நம் நாட்டில் 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, அந்தக் கம்பெனியின் கூட்டில் எழுந்தது. மைக்கோ பிளக் என்றால் மூலைமுடுக்கிலுள்ள மெக்கானிக்குக்கும் தெரியும். 2008-ல் அதுவும் பாஷ் என்றே பெயர் மாறியது. பிளக் பெட்டியின் மேல் பாஷ் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் அடையாளம் இருக்கிறது. அது மாக்னீட்டோவின் ஆர்மெச்சூர். 1918-ல் அதை வரைந்தவர் ஹோனோல்ட்.