உழைப்பாளர் குறைகளின் வேரைக் கண்ட அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் என்றவுடன் அரசியல் சட்டமே நம் நினைவுக்கு வருகிறது. தொழிலாளர்க்கு அவர் ஆற்றிய தொண்டை நம் இளைஞர் பலர் அறியார். வைகறையில் முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, ஏலத் தோட்டங்களில் உழைத்து, இருட்டியபின் இல்லம் திரும்பும் மக்களின் வழிவந்த நாம் அதனை அறிதல் கடமையாகும்.

1891 ஏப்ரல் 14-ஆம் நாள், இராணுவ சுபேதார் ஒருவரின் மகனாகப் பிறந்த அண்ணல், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்றார். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் சிறு குடியிருப்பொன்றில் பல்லாண்டு வாழ்ந்தமையால், உழைப்பாளர் துயரை ஏட்டில் மட்டுமன்றி வீட்டு வாசலிலும் கண்டார்.

1928-இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தாழ்த்தப்பட்டோர் குறைந்த கூலியில் உழல்வதேன் என்று அண்ணல் ஆராய்ந்தார். கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் அவர்களுக்கு இடமில்லை. நாடாவில் தார் மாற்றும்போது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அவர்கள் எச்சில் பட்ட நாடாவைத் தொட மற்றத் தொழிலாளர் மறுத்தனர். வறுமையாகத் தோன்றியதன் வேர் தீண்டாமையே என்று தெளிந்த அண்ணல், அத்தடையை நீக்குவதும் வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்றாக வேண்டுமென வலியுறுத்தினார்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டிலும் இத்தகைய உண்மையொன்றை எடுத்துக்காட்டினார். தாழ்த்தப்பட்டோர் வாழ்நாள் முழுவதும் கேங்மேன்களாகவே இருந்தனர். போர்ட்டராகவும் உயர இயலவில்லை. திறமைக்குறைவு காரணமன்று. போர்ட்டர் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருந்தது. அவ்வீட்டிலோ இவர்கள் நுழையலாகாது!

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் விளங்கினார். 1943 டிசம்பரில் தன்பாத் சென்று நிலக்கரிச் சுரங்கத்தினுள் தாமே இறங்கினார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்வையிட்டார். 1944-இல் நிலக்கரி மீது தீர்வை விதித்து, வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றுக்கு நிலையான நிதி காண வழிவகுத்த அவசரச் சட்டம் பிறந்தது. ஒருநாள் உதவியாக நின்றுவிடாது, ஆண்டுதோறும் பயன்தரும் ஏற்பாடு அது.

அவ்வாண்டிலேயே ரேகே தலைமையில் தொழிலாளர் விசாரணைக் குழு அமைந்தது. கூலி, குடியிருப்பு முதலியவற்றை நேரில் கண்டு கணக்கெடுப்பது அதன் பணி. தோட்டத் தொழிலாளர் நிலைபற்றி ரேகே அளித்த அறிக்கை 1946-இல் வெளிவந்தது. அதன்பின் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் தேயிலை, காப்பி, இரப்பர், சிங்கோனா ஆகியவையே அதில் இடம்பெற்றன. நம் ஏலத் தோட்டங்கள் 1981-இன் திருத்தத்தால்தான் சேர்க்கப்பட்டன. அப்போதும் பதினைவர்க்குக் குறைவாக வேலைசெய்த தோட்டங்கள் வெளியிலேயே நின்றன. கணக்கில் ஏறாதவன் சட்டத்திலும் ஏறான் என்பதை இதனால் உணர்கிறோம்.

1956 டிசம்பர் 6-இல் அண்ணல் மறைந்தார். அவர் உருவப்படத்திற்கு மாலை சூட்டும் நாம், அவர் வழியைக் கைக்கொண்டோமா? ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் மலைச்சாலையில் கவிழ்ந்தால், ஓட்டுநரைப் பழித்து அடங்கிவிடுகிறோம். அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியதேன்? வாடகையைத் தலைக்கணக்கில் பேசியவர் யார்? நேரம் தவறினால் கூலி குறையும் என்ற அச்சமா வண்டியை விரட்டியது? இவற்றைக் கேளாதவரை அடுத்த விபத்து வளைவில் காத்திருக்கும்.

இளைஞர்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் எழுத்தறிவித்து வருவது விண்ணப்பம் எழுதுவதற்கு மட்டுமன்று. நாள், இடம், ஆட்கள் தொகை, காயமுற்றோர், காரணம் என ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். பத்துக் குறிப்புகள் சேர்ந்தால் வேர் புலப்படும். வேர் புலப்பட்டால் அதனைக் களையுமாறு கேட்கும் துணிவும் பிறக்கும். அண்ணலுக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் அதுவே.