பெரிய உத்தியோகத்தை உதறிய ராமன்

திருச்சியில் 1888-ல் பிறந்த சி.வி.ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்தார். 1907-ல் எம்.ஏ. தேறினார். ஆனால், பௌதிகம் படித்தவருக்கு அந்தக் காலத்தில் வேலை ஏது? சீமைக்குப் போய் மேலே படிக்கலாமென்றால், அந்தக் குளிரை உடம்பு தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

எனவே, நிதி இலாகா பரீட்சை எழுதினார். முதல் இடம்! கல்கத்தாவில் பெரிய உத்தியோகம். கை நிறையச் சம்பளம்.

ஒருநாள் டிராமில் போகும்போது, இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பலகை கண்ணில் பட்டது. அதுமுதல் காலையிலும் மாலையிலும் அங்கே ஆராய்ச்சி. நடுவில்தான் ஆபீஸ்!

1917-ல் கல்கத்தா சர்வகலாசாலை பேராசிரியர் பதவி தந்தது. சம்பளம் குறைவு. வேறு யாராயிருந்தாலும் யோசிப்பார்கள். ராமன் சர்க்கார் வேலையை விட்டார்.

அதே சங்கத்தில்தான் 1928 பிப்ரவரி 28-ந் தேதி, சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுவதைக் கண்டுபிடித்தார். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.