வளியை நம்பலாமா? டெஸ்லாவின் வாழ்வு உணர்த்தும் உண்மை

ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பிற்பகல்களில் ஊவா மலைகளில் இடி முழங்கும்போது, தேயிலைச் சரிவில் கொழுந்து பறிப்போர் முதல் பதுளைக் கடைவீதி வர்த்தகர் வரை அனைவரும் அஞ்சுகின்றோம். எம்மைக் காக்கும் வளி உடைந்து மின்னுக்கு வழிவிடுவதே மின்னலாகும். அவ்வுடைவை ஆய்வுகூடத்திலேயே பேரளவில் நிகழ்த்திக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா.

இன்றைய குரோஷியாவிலுள்ள சிமில்ஜான் கிராமத்தில், 1856 ஜூலை 10ஆந் திகதி மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த டெஸ்லா, 1884இல் நியூயோர்க் சென்றடைந்தார். 1888இல் ஆடலோட்ட மோட்டருக்குக் காப்புரிமை பெற்றார். எமது லயன் அறைகளுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் வரும் மின் அவ்வகையினதே. அதன் மீடிறன் செக்கனுக்கு 50 சுற்றுகளாகும்.

இம்மீடிறனை ஆயிரக்கணக்கான மடங்கு உயர்த்தும் சுருளை அவர் 1891இல் அமைத்தார். 1899இல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரமுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில், பல மீற்றர் நீளமான மின்பொறிகளைப் பாய்ச்சினார்.

சாதாரண வளியில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியை உடைக்க ஏறத்தாழ 30,000 வோல்ற்று தேவை. மீடிறன் மிக உயரும்போது இவ்வளவு தேவைப்படுவதில்லை. மின் திசைமாறும் குறுகிய நேரத்துள் பாரமான நேர் அயன்கள் இடைவெளியைக் கடக்க இயலாது அங்கேயே தேங்குகின்றன. அத்தேக்கமே வளியின் உடைவை விரைவுபடுத்துகின்றது. இக்காரணத்தைப் பிற்கால ஆய்வாளர் தெளிவுபடுத்தினர். 

வீட்டு மின்னின் 50 சுற்றுகளில் இவ்விளைவு இல்லை. எனினும் மலையகத்தில் வேறொரு குறையுண்டு. உயரம் கூடக்கூட வளி ஐதாகின்றது. ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையில், வளியின் தாங்குதிறன் கரையோரத்தை விட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவாகும்.

கம்பியைத் தொடாதவரை ஆபத்தில்லை என்ற எண்ணம் தவறானது. உயர் அழுத்தக் கம்பிகளின் அருகே அன்ரனாக் குழாயையோ இரும்பு ஏணியையோ நிமிர்த்துவோர், தொடாமலே உயிரிழக்க நேரலாம். சரிவுகளில் தாழ்ந்து தொங்கும் கம்பிகளைத் தாமதமின்றி உயர்த்துவது தோட்ட நிர்வாகங்களினதும் மின்சார அதிகாரிகளினதும் கடமையாகும். இதனைப் பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் எடுத்துரைப்பது எம் அனைவரதும் பொறுப்பாகும்.

1943 ஜனவரி 7ஆந் திகதி நியூயோர்க் விடுதி அறையொன்றில் டெஸ்லா தனிமையில் மறைந்தார். 1960இல் காந்தப்பாய அடர்த்தியின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் தந்த மின்னால் ஒளிபெறும் நாம், அதன் ஆற்றலை அறிந்து விலகி நிற்கவும் கற்றாக வேண்டும்.