மூன்று நிமிடத்தில் சித்திலெப்பை

எமது கல்லூரிக்கும் வெளிநாட்டுப் பாடசாலை ஒன்றுக்கும் இடையே இவ்வருடம் தொடர்பு ஏற்பட்டுள்ளது. மாதம் ஒருமுறை இணையவழியே அங்குள்ள மாணவிகளுடன் ஆங்கிலத்தில் உரையாடுகிறோம். உரையாடுகிறோம் என்று பன்மையில் எழுதினாலும், முதற் சந்திப்பில் நான் என் பெயரைச் சொன்னதோடு சரி. அடுத்த முறை எம் நாட்டுப் பெரியார் ஒருவரைப் பற்றி மூன்று நிமிடம் பேசும் பொறுப்பை ஆசிரியை எனக்கே தந்துவிட்டார். நான் தெரிவு செய்தது அறிஞர் சித்திலெப்பையை. ஆங்கிலத்தில் தடுமாறுமுன் அவரைத் தமிழில் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

முஹம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஜூன் 11 இல் கண்டியில் பிறந்தார். அறபு, தமிழ், ஆங்கிலம் மூன்றையும் கற்றார். தந்தையைப் போலவே தாமும் புரொக்டரானார். நல்ல வருமானம், நல்ல மதிப்பு. அத்தோடு நின்றிருந்தால் இன்று அவரை யாரும் தேடமாட்டார்கள்.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷனரிமாருடையவை. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். காரணமில்லாத அச்சமல்ல அது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். குர்ஆனை ஓதத் தெரிந்தவர்களுக்கு, அரசாங்கத்திலிருந்து வந்த கடிதத்தை வாசிக்கத் தெரியவில்லை. மார்க்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் பாடசாலை நமக்கென்று வேண்டும் என்பதே சித்திலெப்பை கண்ட வழி. இதை மக்களிடம் சொல்ல 1882 இல் முஸ்லிம் நேசன் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மக்களுக்கு விளங்கும் தமிழிலேயே அது வெளிவந்தது.

மறு மாதமே, 1883 ஜனவரியில், கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற ஒராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் அதில் நாடு கடத்தப்பட்டு வந்தனர். சித்திலெப்பை அவரை நாடிச் சென்றார், இருவரும் நெருங்கினர். இந்த இடத்தில்தான் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தேன். ஆங்கிலேயரிடம் தன் நாட்டையே இழந்த ஒருவர், இங்குள்ள பிள்ளைகள் ஆங்கிலக் கல்வி பெறத் துணை நிற்கிறார்! பகைவனின் மொழி என்று அவர் அதை ஒதுக்கியிருந்தால் யார் தவறு சொல்லியிருப்பார்கள்? இன்று பாடசாலைகள் கணினித் திரையில் கைகோர்க்கின்றன. அன்று எகிப்தும் இலங்கையும் கைகோர்த்தது ஒரு தண்டனையின் மூலமாக.

முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. 1884 இல் கொழும்பு புதுச் சோனகத் தெருவில் திறந்த பாடசாலை, ஆதரவின்றி மூடப்பட்டது. சித்திலெப்பை சோர்ந்துவிடவில்லை. எட்டு வருடங்களின் பின், 1892 இல், மருதானையில் மீண்டும் ஒரு பாடசாலை எழுந்தது. ஒராபி பாஷா அதன் புரவலர். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்புச்சி மரிக்கார் அதன் முகாமையாளர். அதுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

இதற்கிடையே 1885 இல் அசன்பே சரித்திரம் என்ற நாவலையும் எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் அதுவே. நாங்கள் நாவல் இலக்கியம் படிக்கும்போது பரீட்சைக்காக மனனம் செய்த பெயர். அதன் கதையிலும் எகிப்து வருகிறது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஸாஹிரா ஆண்பிள்ளைகளின் பாடசாலை. ஆங்கிலம் முதலில் சகோதரர்களின் வாசலுக்கே வந்தது. எங்கள் உம்மும்மாக்களின் வாசலுக்கு வர வெகுகாலம் எடுத்தது. எனினும் சித்திலெப்பை பெண்களை மறந்தவரல்லர். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்தார். அதில் கற்பித்தவர் அவருடைய சகோதரி முத்து நாச்சியா. வீட்டுக்கு வெளியே பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கிய காலத்தில் அண்ணன் பாடசாலையைத் திறக்க, தங்கையோ அக்காவோ, ஒரு பெண் போய் வகுப்பில் நின்றிருக்கிறார். தம்பியைப் பற்றி அல்லது அண்ணனைப் பற்றி எழுதும்போது வரும் ஒற்றை வரியாக அல்லாமல், அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையை எமது சஞ்சிகையில் யாராவது எழுத வேண்டும்.

1898 பெப்ரவரி 5 இல் சித்திலெப்பை காலமானார். அறுபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. 1977 இல் அவர் நினைவாக அரசு முத்திரை வெளியிட்டது.

இத்தனையையும் மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாது என்று உம்மாவிடம் முறையிட்டேன். நாடு கடத்தப்பட்டவர் என்பதற்கு ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி எடுத்திருக்கிறேன். உச்சரிப்புத்தான் இன்னும் வாயில் ஒட்டவில்லை.