அண்ணன் நெட்டை, தம்பி குட்டை... ஏன்? பரம்பரைப் புதிரைக் கணக்கால் அவிழ்த்த ஃபிஷர்!

ஒரே அப்பா, ஒரே அம்மா. ஆனா அண்ணன் நெட்டை, தம்பி குட்டை. எல்லா வீட்டிலும் பார்க்கிற விஷயம்தான். ஆனால் சுமார் 100 வருஷத்துக்கு முன்னாடி, உயரம் போன்ற பண்புகள் எப்படி வாரிசுக்குப் போகுது என்பதில் விஞ்ஞானிகள் இரண்டு அணியாக மோதிக்கொண்டார்கள். அதற்கு விடை சொன்னவர் ரொனால்ட் ஃபிஷர்.

என்ன சண்டை?

பட்டாணிச் செடிகளை ஆராய்ந்த மெண்டல், பண்புகள் தனித்தனி அலகுகளாகக் கடத்தப்படுவதைக் கண்டறிந்தார். அவருடைய செடிகள் நெட்டை, இல்லைனா குட்டை. நடுவில் எதுவும் கிடையாது. மனிதர்களோ எல்லா உயரத்திலும் இருக்கிறார்கள். அப்போ மெண்டல் விதி இங்கே எடுபடாது என்றது கார்ல் பியர்சன் தரப்பு.

மனக்கணக்குப் புலி

ஃபிஷர் 1890ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பார்வைக் குறைபாடு. மின்விளக்கில் படிக்கத் தடை. அதனால் மனசுக்குள்ளேயே கணக்குப் போடப் பழகினார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். முதல் உலகப் போரில் சேர முயன்றபோது, பார்வையைக் காரணம் காட்டி ராணுவம் மறுத்தது. பள்ளி ஆசிரியரானார்.

அந்தக் காலத்தில்தான் முக்கியமான கட்டுரையை எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பரிசீலித்த இருவரும் தயங்கினார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றார் ஃபிஷர். 1918ல் எடின்பரோவில் அது வெளியானது.

விடை என்ன?

ஒரு நாணயத்தைச் சுண்டினால் பூ அல்லது தலை. 100 நாணயங்களைச் சுண்டினால், தலை விழும் எண்ணிக்கை பெரும்பாலும் 50ஐ ஒட்டியே வரும். மிகக் குறைவாகவோ, மிக அதிகமாகவோ வருவது அபூர்வம்.

உயரமும் இப்படித்தான். பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்களிக்கின்றன. ஒவ்வொன்றும் மெண்டல் விதிப்படியே நடக்கும், மொத்தத்தில் எல்லா உயரமும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு கலவை கிடைப்பதால்தான் அண்ணனும் தம்பியும் வேறு வேறு உயரம்.

மக்களிடையே உள்ள வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துக் கணக்கிடவும் வழி காட்டினார். கறவை மாடு, பயிர் ரகத் தேர்வு வரை இன்றும் இதுதான் அடிப்படை. 2022ல் வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய சுமார் 12,000 மரபணு மாறுபாடுகளைக் கண்டறிந்தது.

இருண்ட பக்கம்

இதே ஃபிஷர், 'தரமான' மனிதர்களே பெருக வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையை ஆதரித்தவர். மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் கருத்தடை செய்வதைச் சட்டமாக்கவும் குரல் கொடுத்தார். 1962ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இறந்தார். அவர் நினைவாக வைத்த கண்ணாடி ஜன்னலை அகற்ற, 2020ல் அவர் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரியே முடிவெடுத்தது.

அவர் தந்த கணக்கு, ஒரு கூட்டத்தில் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கும். தனி மனிதரின் தலையெழுத்தையோ, மதிப்பையோ சொல்லாது.